ஜெர்மன் மெஷின்

ரசமட்டத்தின் குமிழி மறுபடியும் வீட்டுப் பக்கமாக ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. சுலோச்சனா அதை முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் நடுவுக்கு வந்துவிடுமாக்கும். இந்த வீட்டில் அவள் முறைத்து எது இடம் மாறியிருக்கிறது, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் ஒரு பொட்டுக் காற்று மாறுவதற்கு? கார் நிறுத்துவதற்கென்று கட்டிய போர்ட்டிகோ இது. கார் வாங்கின பாடில்லை. ஆனால் மழைத்தண்ணீர் கேட்டுக்கு வெளியே ஓட வேண்டுமென்று கொத்தனார் கேட்காமலேயே வாட்டம் கொடுத்துத் தரையைப் பூசிவிட்டுப் போனார். அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்த வாட்டத்தின் மேல் ஒரு டன்னுக்குக் குறையாத, இரும்பு சீவுகிற மில்லிங் மெஷின் கேட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது, கிளம்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிற விருந்தாளி மாதிரி. கடப்பாரையை மெஷினின் காலுக்கடியில் கொடுத்து நெம்பி இன்னொரு தகட்டை உள்ளே தள்ளினாள். குமிழி அசைந்தது, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து தயங்கியது, சரி என்று குறுக்குவாட்டில் வைத்துப் பார்த்தால் அங்கே வேறு கணக்கு. ஒரு காலைச் சரிசெய்தால் இன்னொரு கால் தூக்கிக்கொள்கிறது. "சனியனே" என்றாள் வாய்விட்டு. மெஷினைச் சொன்னாளா, கொத்தனாரையா, தம்பியையா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று பேருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

தம்பி மோகனசுந்தரம் சாயங்காலம் வருகிறான். முதல் சுவிட்சை அவன் கையால்தான் போட வேண்டுமாம். நேற்றே எலக்ட்ரீசியன் வந்து ஒயர் எல்லாம் கொடுத்து முடித்து, ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்டதற்கு, போனிலேயே தடுத்துவிட்டான். "இன்னிக்கு நவமிக்கா, தொடவே வேண்டாம். நாளைக்குத் தசமி, நானே வந்து போட்டு உடறேன்." தசமிக்கு என்ன வந்தது? காலையிலேயே பராமரிப்பு வேலையென்று கணபதி ஏரியா முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டார்கள், சாயங்காலம்தான் வருமாம், மின்வாரியம் பஞ்சாங்கம் பார்த்தா கம்பத்தில் ஆள் ஏற்றும்? ஃபேன் இல்லை, வேர்த்து ஊற்றுகிறது, புருஷன் தண்டபாணி ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டிச் சட்டை போட்டுக்கொண்டு ஏசிக் காற்றில் நின்றுகொண்டிருப்பார், கொடுத்து வைத்தவர். நாளைக் காலையில் மோகன் கார் அனுப்புவான். பத்திர ஆபீசில் அவள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அப்பாவின் தோட்டம், வீடு, பின்னால் இருக்கும் ஷெட்டு, எதிலும் எனக்குப் பாத்தியதை இல்லை, என் மனம் நிறைந்து விட்டுக்கொடுக்கிறேன் என்று. மனம் நிறைந்து! அந்த வார்த்தையை யார்தான் முதலில் பத்திரத்தில் எழுதினார்களோ, அவர்களைப் பிடித்து இந்த மெஷினுக்கடியில் தகடாக வைக்க வேண்டும். அதற்கு ஈடாகத்தான் மெஷின். "உனக்கு என்னக்கா வேணும், நகையா, ரொக்கமா?" என்று கேட்டான். அவள் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்காரர் கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிப் போட்டு அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்த நேரம். "மில்லிங் மெஷின்" என்றாள். வாய் தவறி வந்ததுபோல் வந்துவிட்டது. அவன் சிரித்தான், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தான், பிறகு சொன்னான், "அப்பா உன்ற கண்ணாலத்துக்காக மெஷினையே வித்தாரு. அதுக்குப் பதிலா நான் உனக்கு மெஷினே வாங்கித் தர்றேன். ஜெர்மன் மெஷினு!" அவள் எழுந்துபோய் அவனுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். முந்தாநாள் லாரியில் மாலை போட்டுக் கொண்டுவந்து இறக்கினான். கூடவே ஏழு தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம், பட்டுப்புடவை, ஊரே எட்டிப் பார்த்தது. தாய்வீட்டுச் சீர் மில்லிங் மெஷினாக வந்து இறங்கியது இந்த வீதியில் இதுதான் முதல்முறை.

ஜெர்மனாம், ஜெர்மன். பேர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் இருக்கிறது. "வெங்கலம்கா, எவனோ கழட்டி வித்துட்டான்" என்றான். சரி, பேர்ப்பலகை இல்லாவிட்டால் என்ன, இருபது வருஷத்துக்கு மேல் மெஷின் ஓட்டியவளுக்கு மெஷின் தன் பேரைத் தானே சொல்லாதா? டேபிள் ஹேண்டிலின் வளையத்தில் பெயிண்டைச் சுரண்டினால் கோடுகள் தெரிகின்றன. எண்ணிப் பார்த்தால் அங்குலக் கணக்கு. ஜெர்மன்காரன் எந்தக் காலத்தில் அங்குலத்தில் மெஷின் செய்தான்? போல்ட்டில் பதினேழு எம்.எம். ஸ்பானர் ஏற மறுக்கிறது, பதினெட்டு ஆடுகிறது. இதுவும் அங்குலம்தான். பெயிண்ட் வேறு! மோகன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான் என்பதை உலகத்துக்குச் சொல்ல இத்தனை பெயிண்ட் அடித்திருக்க வேண்டாம். ஆயில் விடும் துளையில் பெயிண்ட், அளவுக் கோட்டில் பெயிண்ட், வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய தண்டவாளத்தில் பெயிண்ட், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடிக்கிற அதே சாம்பல் நீலம். இரும்பு மூச்சு விடவே இடமில்லை. மண்டி போட்டு டேபிளுக்குக் கீழே கையை விட்டுத் தடவினாள். வார்ப்பிலேயே புடைத்த எழுத்துகள் தட்டுப்பட்டன, சுரண்டச் சுரண்ட இங்கிலீஷில் இங்கிலாந்து என்று வந்தது. அப்பாவும் அவருடைய மெஷினை லண்டன் மெஷின் என்றுதான் சொல்லுவார். சொன்னால் என்ன? கோயமுத்தூரில் இங்கிலாந்து மெஷினுக்கா பஞ்சம், வெள்ளைக்காரன் போகும்போது எடுத்துக்கொண்டா போனான்? அப்பாவுடையது பச்சை. அவள் ஷெட்டு வாசல்வரைக்கும் காப்பி கொண்டுபோவாள், அதற்குமேல் போகக் கூடாது, பொம்பளைப் பிள்ளைக்கு இரும்புக்கிட்ட என்ன வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இருட்டுக்குள் ஒரு பச்சைக் கூன்முதுகு, அதன் பக்கத்தில் அப்பாவின் வெள்ளைப் பனியன். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த மெஷின்.

நிஜத்தைச் சொன்னால் அவள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது பேரை அல்ல, குற்றத்தை. ஒரு விரிசல், பட்டி போட்டு மூடிய ஒரு வெல்டிங், தேய்ந்துபோன ஒரு திருகு, ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், இந்தக் குப்பையைத் தலையில் கட்டித்தான் கையெழுத்து வாங்கப் பார்த்தாயா என்று நியாயமாகச் சண்டை போடலாம். கிடைக்கவில்லை. டேபிளை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள், கோயில் தூண் மாதிரி நின்றது. ஹேண்டிலைத் திருப்பி, திரும்பப் பின்னால் திருப்பி, எங்கே சும்மா சுற்றுகிறது என்று பார்த்தாள், சும்மா சுற்றவே இல்லை, தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. கம்பெனியில் அவள் ஓட்டிய மெஷினுக்கு இதில் பாதி உறுதி இருக்காது. அது அழுதுகொண்டே ஓடும், அவளும் அதோடு கெஞ்சிக்கொண்டே ஓட்டுவாள். இதை யாரோ ஒரு மகராசன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான், ஓட்டியது கம்மி, துடைத்தது ஜாஸ்தி. நல்ல மெஷின். அதுதான் ஆத்திரமாக வந்தது. நல்ல மெஷினாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதுதானே, வேறு என்ன பேச முடியும்? புதுப் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற தோட்டம் எங்கே, பழைய இரும்பு எங்கே என்று யாராவது கேட்டால், நீதானேம்மா கேட்டாய் என்பார்கள். அவள் வாய் அப்படி வாய். கேட்க வேண்டிய இடத்தில் திறக்காது, திறந்தால் குறைவாகக் கேட்கும்.

குறைவாகக் கேட்கப் பழக்கியது அந்த ஒரு வரிதான். உனக்காக மெஷினையே வித்தேன். கல்யாணமான முதல் தீபாவளிக்குக் கேட்டாள், அப்பா மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். மாமியார் இருந்தவரைக்கும், ஒரு ஓட்டை மெஷினை வித்துட்டு என்னமோ ஊரையே வித்த மாதிரி பேசறாங்க என்று குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள், அதைக் கேட்கும்போதெல்லாம் சுலோச்சனாவுக்குத் தான் ஏதோ ஒரு உயிரைத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். தண்டபாணி வேலை பார்த்த மில்லை மூடி அவர் வீட்டில் உட்கார்ந்தபோது, மகள் மோனிஷா அப்போது கைக்குழந்தை, அவளைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதாக இருந்தாள், பஸ்ஸில் போகும்போதே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டு முடிந்ததும் அப்பா தோளைத் தட்டிக்கொடுத்து, "என்ன பண்றது சாமி, இருந்தது ஒரு மெஷினு, அதும் உன்ற கண்ணாலத்தோட போச்சு" என்றார். சொல்லிப் பார்த்த நாலு தடவையும் தொண்டையிலேயே நின்றுபோயிற்று. ஒரு பை நிறையக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருஷம் கம்பெனியில் சேர்ந்தாள், முதலில் இரும்புத் துருவல் கூட்ட, பிறகு மெஷினில் நிற்க. அங்கே காக்கிக் கோட்டு மாட்டிவிட்டார்கள். மில்லிங் மெஷினில் அவள் அப்படி உயிரைக் கொடுத்து வேலை செய்ததற்குச் சம்பளம் மட்டும்தானா காரணம்? அப்பாவிடமிருந்து போன ஒன்றுக்கு எங்கேயோ பதில் செய்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அப்பா சாகும்போதுகூட அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால்தானே என்று அழுதாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அது இல்லை என்று ஆட்டினதா, ஆமாம் என்று ஆட்டினதா என்று இன்றைக்குவரை குழப்பம்.

குமிழி ஒருவழியாக நடுவில் நின்றது. மேலே மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு நட்டுகளை இறுக்கினாள், இறுக்கும்போது நகராமல் இருந்தது, அதிசயம்தான். இனி ஆர்பர் மாட்ட வேண்டும், கட்டரைக் கோத்துப் பிடிக்கிற நீளமான தண்டு, கம்பெனியிலிருந்து வரும்போது சம்பளப் பாக்கிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கி வந்தது. அதன் வால் இந்த மெஷினின் சுழலும் ஸ்பிண்டிலுக்குள் பொருந்துமா பொருந்தாதா என்பதுதான் இன்னும் தெரியவில்லை. ஸ்பிண்டிலின் வாயைத் தேடினால் வாயே இல்லை! மொழுமொழுவென்று சாம்பல் நீலத்தில் ஒரு மூடி. இப்படி ஒரு மூடியை அவள் எந்த மெஷினிலும் பார்த்ததில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினாள். மூடி அமுங்கியது. பெயிண்ட் தோல் கிழிந்து உள்ளேயிருந்து பழைய கிரீஸ் வாடை வந்தது. அடப்பாவி, வாயில் துணி அடைத்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அதற்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் கடைக்காரன் மெஷின் வாங்கினால் இப்படித்தான், அவனுக்கு மேல்பூச்சுத்தான் மெஷின். யாரோ தெரிந்தவன் செய்த வேலை இது, ஸ்பிண்டிலுக்குள் துரு ஏறக் கூடாதென்று துணியைக் கிரீஸில் முக்கி இறுக்கி அடைத்திருக்கிறான், வருஷா வருஷம் எடுத்துப் பார்த்து திரும்ப அடைத்து வைக்கிறவன். விரலை விட்டு இழுத்தாள். வரவில்லை. குறட்டால் பிடித்துத் திருகி இழுத்தாள், வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு பந்து, அவிழ்ந்தபோது ஒரு கை. துணியின் கை. இத்துனூண்டு, சுருக்கு வைத்த கை.

கவுன். அவள் அதைத் தரையில் விரித்தாள். கிரீஸ் கறுப்பு, மடிப்புக்குள் மட்டும் ஆகாச நீலம். யார் வீட்டுக் குழந்தையினுடையதோ, பழந்துணி மூட்டையில் மெஷின் துடைக்கிற வேஸ்ட்டுக்கு வாங்கியிருப்பார்கள், எடைக்குப் போடுகிற துணியில் கவுன் வராதா, நீல கவுன் உலகத்தில் ஒன்றுதானா. அப்படித்தான் நினைத்தாள், நினைத்துக்கொண்டே கை பொத்தானைத் தேடிப் போய்விட்டது. முதுகில் மூன்று பொத்தான். இரண்டு வெள்ளை. மூன்றாவது காக்கி நிறம், நாலு ஓட்டை, தடிமனானது. கம்பெனிக் கோட்டுப் பொத்தான். அவள் முதல்முதலாகப் போட்ட கோட்டிலிருந்து அறுந்து விழுந்ததை எடுத்து இதில் தைத்தாள், வெள்ளைப் பொத்தான் ஒன்று குறைந்ததென்று. மோனிஷா அந்தப் பொத்தானை மட்டும் தனியாகக் காட்டி, இது அம்மா கம்பெனிப் பொத்தான் என்று எல்லோரிடமும் சொல்லுவாள். ஒரு பொங்கலுக்குப் போனபோது கரும்புச் சாற்றைக் கொட்டிக்கொண்டாள் என்று கழற்றித் தாய்வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தது. பிறகு ஞாபகமாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டபோது, "பாத்திரக்காரிக்குப் போட்டுச் சில்வர் டம்ளர் வாங்கிட்டேன் கண்ணு" என்று அம்மா சொன்னாள். டம்ளரைக்கூடக் காட்டினாள். சுலோச்சனா ஸ்க்ரூடிரைவரை எடுத்து மெஷின் முதுகில் ஓங்கி ஒரு கீறல் கீறினாள். சாம்பல் நீலம், அதற்கடியில் வெள்ளைப் பட்டி, அதற்கடியில் பச்சை.

பச்சை. அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் இந்தப் பொத்தான் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மோனிஷாவே இல்லை. அப்படியானால் மோனிஷா கரும்பு தின்றுகொண்டிருந்த பொங்கலன்றும் இது அங்கே இருந்தது, அவள் கத்தரிக்காய்ப் பையோடு பஸ் ஏறிய அன்றும் இருந்தது, திண்ணமாக, கால் நகராமல், தார்ப்பாய்க்கடியில். கிணற்றடியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். பூட்டிய ஷெட்டுப் பக்கம் மோனிஷா பந்தை எடுக்க ஓடினால் அப்பா, அவர் வாழ்நாளில் கத்தியே பார்த்திராத அப்பா, "அங்க போகாத, பாம்பு இருக்குது" என்று கத்துவார். குழந்தை பயந்துபோய் ராத்திரியெல்லாம் பாம்பு, பாம்பு என்று பிதற்றும். இவளும் பயந்தாள், பெரிய மனுஷி, இருபத்தேழு வயது, அந்தப் பக்கம் துணி காயப்போடக்கூடப் போகவில்லை. என்ன அருமையான பாம்பு! படுத்த இடத்தில் படுத்துக்கொண்டு அவளுடைய வாயை இத்தனை வருஷம் கட்டிப்போட்டது. கை கிரீஸாக இருந்தது, துடைக்காமலே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா மோகன் வீட்டில்தான் இருக்கிறாள்.

"அம்மா, அப்பா மெஷின வித்தாரா இல்லையா?"

"என்ன கண்ணு, எடுத்த எடுப்புல? சாப்டியா?"

"வித்தாரா இல்லையான்னு கேட்டேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மிணி? போய்ச் சேந்தவரப் போயி…"

"மோனிஷா கவுன் கெடச்சிருக்குது. டம்ளர் வாங்குனியே, அந்தக் கவுன்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அம்மா சொன்னாள்: "உன்ற மாமியா, நாங்க போட்ட நகை பத்தாதுன்னு கண்ணாலத்துக்கு மொத நாளு வந்து நின்னுட்டா. மெஷினு இருக்குதுன்னா அதையும் வித்துப் போடுங்கம்பா. அதான் முன்னமே வித்துப்போட்டோம்னு உங்கப்பா ஒரு வார்த்த சொல்லிப்போட்டாரு. அவிய வாய அடைக்கோணுமுல்ல?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"உனக்குப் பொய் சொல்ல வராது கண்ணு. நீ நெசம்னு நம்புனாத்தான் அவிய நம்புவாங்கன்னாரு."

"மாமியா செத்து எத்தன வருசமாச்சு?"

"அப்பறம்… அப்படியே ஆயிப்போச்சு. மோகனுக்கு இருக்கட்டும்னு நெனச்சாரு. அவனுக்கு அதுல நாட்டமில்ல. நாளைக்கு நல்லபடியாக் கையெழுத்தப் போட்டுட்டு வா சாமி, ஒண்ணாருக்கற குடும்பம்…"

போனை வைத்துவிட்டாள். அப்படியே ஆகிப்போயிற்றாம். பால் பொங்கி வழிந்துபோயிற்று என்கிற மாதிரி, யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாக ஆகிப்போயிற்று. அப்பாமேல் கோபப்படப் பார்த்தாள். வரவில்லை, பிறகு மொத்தமாக வந்தது. பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது என்று தெரிந்த மனுஷனுக்கு, அந்தப் பெண் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு எத்தனை தூரம் நடப்பாள் என்று தெரியாதா? அவள் இன்னொருத்தன் ஷெட்டில் துருவல் கூட்டிக்கொண்டு, நின்று நின்று காலில் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு, திட்டு வாங்கி மெஷின் கற்றுக்கொண்டபோது, இவர் தன் ஷெட்டில் ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை கதவைச் சாத்திக்கொண்டு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, பேத்தியின் கவுனைக் கிரீஸில் முக்கி வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். யார் வாயில்? சாகும்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினாரே, அந்த நேரத்துக்கு இரண்டு வார்த்தை போதுமே. ஆனால் செத்தவரோடு சண்டை போட்டு என்ன, அவர் கெட்டிக்காரர், போய்விட்டார். மோகனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவள் கண்ணைப் பார்த்து, அதுக்குப் பதிலா மெஷினே வாங்கித் தர்றேன் என்றான், அவள் போட்டுக்கொடுத்த காப்பியையும் குடித்தான். அவளுக்குரியதை அவளுக்கே நீலம் பூசி, மாலை போட்டு, தாம்பாளம் வைத்துக் கொடுத்து, அதற்கு விலையாக அவளுக்குரிய இன்னொன்றை எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். அந்தச் சீருக்கு அவள் ஆரத்தி வேறு எடுத்தாள்! நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது. மெஷினைக் கடப்பாரையால் அடித்து நொறுக்கிவிடலாமா என்று ஒரு வேகம் வந்தது. கடப்பாரையை எடுத்தும் விட்டாள். குமிழி நடுவில் நின்றுகொண்டிருந்தது, அசையாமல். அதைப் பார்த்தாள். இதை ஏன் நொறுக்க வேண்டும், இது என்ன செய்தது? இதற்கும் யாரும் எதையும் சொல்லவில்லை, இதையும்தான் வாயை அடைத்து இருட்டில் வைத்திருந்தார்கள்.

கவுனை மண்ணெண்ணெயில் அலசினாள், சோப்புப் போட்டுக் கசக்கினாள், மறுபடி மண்ணெண்ணெய். முழுக்கப் போகவில்லை, ஆனாலும் நீலம் நீலம்தான் என்கிற அளவுக்கு வந்தது. போர்ட்டிகோ கம்பியில் கிளிப் போட்டு மாட்டினாள். பிறகு ஸ்பிண்டிலின் உள்பக்கத்தைத் துடைத்தாள். உள்ளே ஒரு பொட்டுத் துரு இல்லை, கண்ணாடி. அதைப் பார்த்தபோது அழுகை வந்தது, அதுவும் கோபமாகவே வந்தது. ஆர்பரைத் தூக்கி வாலை உள்ளே விட்டாள். அளந்து செய்த மாதிரி போய் உட்கார்ந்தது. பின்பக்கத் திருகை இறுக்கி, கட்டரை மாட்டி, வேலை தருவதாகச் சொன்ன பம்ப் கம்பெனிக்காரர் மாதிரிக்காகக் கொடுத்திருந்த ஷாஃப்ட் ஒன்றை டேபிளில் கிளாம்ப் போட்டுப் பிடித்தாள். கவ்விப் பிடிக்க நல்ல வைஸ் இருந்தால் இத்தனை கஷ்டம் இல்லை. இந்த மெஷினோடு ஒரு வைஸும் மற்ற சாமான்களும் வந்திருக்குமே, அவை எங்கே? எங்கே இருக்கும். பாம்போடுதான் இருக்கும். கை வேலை செய்துகொண்டே இருந்தது, மனது எங்கே போய் முட்டிக்கொண்டாலும் கை அதன் பாட்டுக்குச் செய்தது, நல்ல கை. அந்தக் கையை நாளைக்குப் பத்திர ஆபீசில் மையில் தொட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

வெள்ளைச் சட்டை, ஸ்வீட் டப்பா, எலுமிச்சம்பழம், கற்பூரம் சகிதமாக மோகன் உள்ளே வரவும் வீட்டுக்குள் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. "பாத்தியாக்கா, நான் வந்ததும் கரண்ட்டு வந்துருச்சு! ராசி!" என்றான். கற்பூரத்தைக் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வீசி, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினான். மோட்டார் முனகி வேகமெடுத்தது. கட்டர் சுற்றியது. மோகன் கைதட்டினான். சுலோச்சனா கட்டரின் பல்லைப் பார்த்தாள், எட்டி மெயினை அணைத்தாள்.

"ஏனக்கா நிறுத்துறே?"

"தலகீழாச் சுத்துது."

"நல்லாத்தான சுத்துச்சு?"

"உனக்கு நல்லாத்தான் தெரியும்."

ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டாள். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, "காத்தால ஒம்பதுக்கெல்லாம் காரு வந்துரும்கா, டோக்கன் போட்டாச்சு, ஆதார் கார்டு மட்டும் மறந்துறாத, ஒரு அஞ்சு நிமிச வேல" என்று அடுக்கிக்கொண்டே போனான். அப்படியே கம்பியில் ஆடிக்கொண்டிருந்த கவுனைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது நம்ம மோனிஷா கவுனாட்ட இருக்குது! கம்பெனிப் பொத்தான்! இதப் போட்டுட்டுத்தான நம்ம தோட்டத்துல ஓடிட்டுத் திரிவா. எங்கிருந்துக்கா புடிச்சே?"

சுலோச்சனா மூடியை மாட்டித் திருகை இறுக்கினாள். "மெஷினு வாய்ல இருந்துது. ஜெர்மன்காரன் வெச்சு அனுப்பியிருக்கறானாட்ட இருக்குது."

அவன் சிரிப்பு வாயிலேயே நின்றது. கவுனைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், முதுகில் அவள் கீறிய இடத்தில் பச்சை தெரிந்தது. ஸ்வீட் டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"அக்கா, அது அப்பா… நான் என்னக்கா…"

"நான் கையெழுத்துப் போடல மோகனு."

"அக்கா!"

"காரு அனுப்பு. பத்திர ஆபீசுக்கில்ல, ஷெட்டுக்கு. இந்த மெஷினோட வைஸு, மத்த சாமானெல்லாம் அங்கதான் இருக்கோணும். சாவிய எடுத்து வெய்யி."

"அதெல்லாம் அங்க ஒண்ணும் இல்லக்கா, வெறும் குப்ப, பூச்சி பொட்டு…"

"பாம்பு இருந்தா நான் பாத்துக்கறேன்."

மெயினைப் போட்டு, பச்சைப் பொத்தானை அவளே அழுத்தினாள். கட்டர் இந்தத் தடவை நேராகச் சுற்றியது. ஹேண்டிலைத் திருப்பி ஷாஃப்டைக் கட்டருக்கடியில் கொண்டுபோனாள், பல் இரும்பைத் தொட்டது, போர்ட்டிகோ முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. மோகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், உதடு அசைவது தெரிந்தது, கையை நீட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதல் துருவல் சூடாகச் சுருண்டு டேபிளில் விழுந்தது. ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.